மருவுக்குப் போட்ட உப்பு

அவர் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். கண் தெளிவாக இருக்கட்டும், காது கேட்கட்டும், ஞாபகம் ஒரு நூல்கூடப் பிசகாமல் இருக்கட்டும். செத்துப் போனவரிடமும் மறந்து போனவரிடமும் நான் என்னத்தை வசூலிப்பது?

என் ஆராய்ச்சிக்கு நெறியாளராக இருந்தவரைச் சொல்கிறேன். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் வீடு. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மின்சார ரயிலில் போகும்போது ஏரி வந்ததும் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் எதிர்ப் பக்கம் திரும்பி, அவர் வீட்டு மொட்டைமாடியில் வேட்டி காய்கிறதா என்று பார்ப்பேன். காய்ந்தால் மனுஷன் இருக்கிறார். அன்றைய நாள் எனக்கு நன்றாக இருக்கும்.

நான் செய்யூர்ப் பக்கத்துக்காரி. அம்மா அடுத்தவர் கொல்லையில் கடலைக்காய் பிடுங்கி, ஆய்ந்து, அந்தக் கூலியில் என்னை நிலவியல் படிக்கவைத்தாள். நிலவியல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. "மண்ணப் பத்திப் படிக்கிறா" என்று ஊரில் சொல்லிவைத்திருந்தாள். "மண்ணப் பத்திப் படிக்க இன்னாத்துக்கு காலேஜு? எங்ககூட கொல்லிக்கு வந்தா போதாதா?" என்று கேட்டவர்களிடம், "அது வேற மண்ணு" என்று சொல்லிவிட்டு நடப்பாளாம்.

முதுகலை முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்தேன். நிலத்துக்குள் கடல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மேலே அலையாக வருவதை எல்லோரும் பார்க்கலாம். அடியில் வருவதை யார் பார்ப்பது? மணலின் இடுக்குகளில் உப்பு ஊர்ந்து வரும். நாம் மேலே இறைக்க இறைக்க அது கீழே ஒரு எட்டு வைக்கும். திருவிடந்தையில் தொடங்கி, மாமல்லபுரம் தாண்டி, செய்யூர் வரை கிணறு கிணறாகப் போனேன். ஈ.சி.ஆர். பஸ்ஸில் இறங்கி உள்ளே நடப்பேன். பாட்டிலில் கயிறு கட்டி இறக்குவேன். தூக்கி, உப்பை அளக்கிற மீட்டரை முக்குவேன், எண்ணை எழுதுவேன். அதன்பிறகு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத ஒன்றைச் செய்வேன். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒரே உப்புக்குள் எத்தனை உப்பு! சவுக்குத் தோப்புக் கிணற்றில் அழுது ஓய்ந்தபின் உதட்டில் மிஞ்சுகிற உப்பு. சிற்பப் பட்டறைக்குப் பின்னால் இருந்த கிணற்றில் வெயிலில் வேலை செய்தவன் கழுத்து உப்பு. குப்பத்து அடிபம்பில் பல் விழுந்த அன்று வாயில் ஊறுமே, அந்த உப்பு.

கிணற்றடிப் பெண்களுக்கு நான் ஒரு வேடிக்கை.

"இன்னாமா, தண்ணிக்கு ஜொரமா? தர்மாமீட்டர் வெச்சிகினு கீற?"

"ஆமாக்கா, லேசா ஜொரம்."

"அப்ப ஒரு ஊசியப் போட்டுட்டுப் போ. எங்க வூட்டுக்காரருக்கும் சேத்துப் போடு, ராவெல்லாம் இருமிகினு கீறாரு."

வெயிலில் கறுத்து, காலில் முள் ஏறி, பஸ் கிடைக்காமல் நின்ற அந்தக் காலத்தைப் போல நான் பிறகு என்றும் நிறைவாக இருந்ததில்லை. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அது என்னுடையதாக இருந்தது.

கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, ஒரு சின்ன ஊரில், அம்மன் கோயிலை ஒட்டி ஒரு கிணறு. படி இறங்கிப் போகிற அகலமான கிணறு. உடம்பில் மரு இருப்பவர்கள் அங்கே வந்து உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். போட்ட உப்பு கரைவதுபோல மருவும் கரைந்து உதிர்ந்துவிடும் என்று நம்பிக்கை. கோயில் வாசலில் ஓர் அக்கா கல்லுப்பையும் மிளகையும் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருப்பாள். ஆடி மாத வெள்ளிக்கிழமையில் கூட்டம் தாங்காது. கிணற்றில் உப்பு விழுகிற சத்தம் கூரைமேல் மழை விழுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் பாட்டிலை இறக்கியபோது அந்த அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தத் தண்ணிய இன்னாத்துக்குமா எடுக்குற? ஊரு மரு பூரா இதுலதான் கீது."

எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். கடல் கொண்டுவந்த உப்புக்கும் மனுஷர் கொண்டுவந்து போட்ட உப்புக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க ஆசை. அது ஆராய்ச்சியில் இல்லாத, எனக்கு மட்டுமான ஆசை. கூப்பிடு தூரத்தில் இருந்த இன்னொரு கிணற்றில் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. ஆகவே கடல் அங்கே வரவில்லை. கோயில் கிணற்றின் எண்ணை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்கு என் அடையாளம் அது.

நெறியாளர் என் கிணறுகளில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒருமுறை மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர், ஹோட்டலின் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, ஷூவில் மணல் ஏறாமல் ஓரமாக நின்று, "கடல் உள்ள வருதும்மா. எனக்குத் தெரியுது" என்றார். அவருடைய இடது காதை ஒட்டி மிளகு அளவுக்கு ஒரு மரு. யோசிக்கும்போது அதை ஒரு விரலால் உருட்டுவார். உருட்டினால் ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நாங்கள், அவருடைய மாணவர்கள், பேனாவை எடுப்போம்.

அவர் வீட்டு வேலைகளும் எங்கள் ஆராய்ச்சியில் அடக்கம். கரண்ட் பில் கட்டுவது ஒருவன். கார் சர்வீஸுக்கு விடுவது ஒருவன். என் பங்கு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்குச் சாப்பாடு ஏற்பாடு. எந்த மாணவனுக்காவது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்தால், தேர்வுக்கு நிற்கிறவனே எல்லோருக்கும் பிரியாணி போடவேண்டும், வந்தவர்களுக்குச் சால்வை போர்த்தவேண்டும். அது எழுதாத சட்டம். அந்தப் பிரியாணிக்கும் வெங்காயப் பச்சடி போதுமா என்று பார்ப்பது நான். என்றைக்காவது என் பிரியாணியை வேறொருத்தி பரிமாறுவாள் என்று நினைத்துக்கொண்டு பரிமாறினேன்.

அப்படி இருந்தபோது கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கான உத்தரவு வந்தது. அம்மாவின் நச்சரிப்புக்காக எழுதின பரீட்சை. தேறினதையே யாரிடமும் சொல்லவில்லை. உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கடலைக்காய் ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"வேல வந்துகீது. இன்னாடி மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற?"

"படிப்பு பாதியில கீதும்மா."

"பாதில கீற படிப்பு சோறு போடுதா?"

"போடல."

"உனுக்கு வர வேண்டிய உதவிப்பணம் எங்க?"

"சார் கையெழுத்துப் போட்டாத்தான் வரும். சார் வெளியூர்ல கீறாரு."

அம்மா கையிலிருந்த தோலை உதறினாள். "ஒரு கையெழுத்துக்கு நாயா அலையிற. இது நீயே கையெழுத்துப் போடற வேலடி. ஊரு சனம் உன் கையெழுத்துக்கு வந்து நிக்கும். யோசிச்சுக்க."

அம்மாவின் முதுகு அப்போதே வளைந்துவிட்டது. குனிந்து பிடுங்கின கடலைக்காயெல்லாம் அந்த முதுகில்தான் மூட்டை கட்டி இருந்தது. எத்தனை கிணறுகளை அளந்தாலும் அந்த முதுகை நான் நிமிர்த்த முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு வழி தெரிந்தது. ஆராய்ச்சியைப் பகுதி நேரமாக மாற்றிக்கொள்ளலாம், விதி இருக்கிறது. நெறியாளர் சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். காலையில் கிராம அலுவலகம், விடுமுறையில் கிணறு. இரண்டும் என்னுடையதாகவே இருக்கும்.

ஏரிப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சொன்னேன். மருவை உருட்டினார்.

"பார்ட் டைம்ல என்னம்மா ஆராய்ச்சி? பொழுதுபோக்கா இது?" குரலை உயர்த்தவே இல்லை. "இங்க பாரு. ஆராய்ச்சிக்குப் பசி இல்லாத வயிறு வேணும். அப்பா சேத்து வெச்சிருக்கணும், இல்ல புருஷன் சம்பாதிக்கணும். உங்க பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு வேலைதாம்மா மரியாதை. தப்பா எடுத்துக்காத. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் அன்பாகச் சொன்னார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். "வேலை கிடைச்சிடுச்சாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். காபியில் சர்க்கரை தூக்கல். அந்த இனிப்பு இன்றைக்கும் பல்லிடுக்கில் இருக்கிறது.

"போறதுக்கு முன்னாடி ரீடிங்ஸ் எல்லாத்தையும் குடுத்துட்டுப் போ. வேற யாராவது தொடருவாங்க. வீணாப் போகக் கூடாது பாரு."

கொடுத்தேன். கொடுக்கும்போது ஒன்று சொல்ல வாயெடுத்தேன்.

"சார், அந்த அம்மன் கோயில் கிணறு. வட்டம் போட்டிருக்கேன். அது என்னன்னா..."

"எல்லாம் நான் பாத்துக்கறேன்மா. நீ ஜாயின் பண்ற வழியப் பாரு."

வெளியே வந்தேன். ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைக்கத் தோன்றவில்லை.

அம்மா சொன்னது நடந்தது. ஊர் சனம் என் கையெழுத்துக்கு வந்து நின்றது. வருமானச் சான்று, வாரிசுச் சான்று, எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல். நல்ல வேலை. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில் அம்மா கொல்லைக்குப் போவதை நிறுத்தினாள். தகரம் போய் ஓட்டு வீடு வந்தது, ஓடு போய் மொட்டைமாடி வந்தது. ஆனால் அடங்கல் எழுதப் போகிற வழியில் ஒரு கிணறு தென்பட்டால் என் கை பைக்குள் போகும். பையில் பட்டாவோடு பாட்டிலும் இருக்கும். யாருக்காக அளக்கிறேன் என்று கேட்டால் பதில் கிடையாது. குடியை விட்டவன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பதில்லையா, அப்படி.

சில வருஷம் கழித்து மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் பெரிய கருத்தரங்கு. வண்டிகளை ஒழுங்குபடுத்தவும் வருகிற அதிகாரிகளுக்குச் சாப்பாடு பார்க்கவும் வருவாய்த் துறையிலிருந்து எங்களைப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில், சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம். எங்கள் கரை. என் கிணறுகள். ஒவ்வொரு புள்ளியையும் எனக்குத் தெரியும். இது முள் குத்தின இடம், இது நாய் துரத்தின இடம், இது மோர் கொடுத்த வீடு. மேலே அவர் பெயர். கீழே பொடி எழுத்தில் நன்றி. தட்டச்சு செய்தவருக்கு நன்றி, பொறுமை காத்த மனைவிக்கு நன்றி. நான் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் குனிந்து தேடினேன். நான் இல்லை.

நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கரையோரம் சிவப்பாக ஓடிவந்த கடல், செய்யூருக்கு மேற்கே திடீரென்று ஒரு நாக்கை நீட்டி, வெகுதூரம் உள்ளே போய், ஒரு புள்ளியை நக்கிக்கொண்டிருந்தது. அம்மன் கோயில் கிணறு! வட்டத்தை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலிருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றைக் காணோம். பொருந்தாத எண் என்று அதைத் தூக்கிவிட்டார். அந்த நாக்குக்கு ஒரு பெயரும் வைத்து, அதுதான் தன் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தார்.

சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினேன், அது மூக்கு வழியாக வந்தது. தட்டோடு வந்த ஹோட்டல்காரர், "மேடம், தண்ணி வேணுமா?" என்றார். "உப்பா இருக்குமா?" என்று கேட்டேன். அவர் பயந்து போய்விட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லாம் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாரே. சுவரில் தொங்குகிற வரைபடத்தால் யாருடைய வயிறும் காயவில்லை. தொங்கட்டும் என்று விட்டேன். அந்த நாக்கை வைத்து அவருக்குப் பாராட்டு வந்தது, பதவி வந்தது, வெளிநாட்டு அழைப்பு வந்தது. வரட்டும், இன்னும் உயரம் போகட்டும் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உயரமான இடத்திலிருந்து விழுந்தால்தானே சத்தம் கேட்கும்.

போன வருஷம்தான் அந்த நாக்கு சுவரைவிட்டு இறங்கி ஊருக்குள் வந்தது. நான் அப்போது துணை வட்டாட்சியர். கரையோரத்துக்கென்று ஒரு திட்டம். சிவப்பு விழுந்த ஊர்களில் விவசாயத்துக்குப் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது, பம்பு செட்டுக்கு இணைப்புக் கிடையாது. திட்டத்துக்கு ஆலோசகர் நம் பேராசிரியர். கோயில் கிணற்று ஊரும் சுற்றியிருந்த ஊர்களும் சிவப்புக்குள். ஜனங்கள் மனுவோடு தாலுகா அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். "எங்க ஊருத் தண்ணில உப்புன்னு எவன் சொன்னான்? இட்டாந்து குடிக்கச் சொல்லு" என்று ஒரு பெரியவர் என் மேஜையில் சொம்பை வைத்தார். குடித்தேன். இளநீர்.

சப்-கலெக்டர் இளம்பெண். கூர்மையானவர். "கூட்டுப் புலத்தணிக்கை வெச்சிடலாம், எல்லாரும் சேந்து நேர்ல போய்ப் பாப்போம். பேராசிரியரையும் கூப்பிடுங்க. நீங்களே ஒரு தேதி பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் காலண்டரைப் பார்த்தேன். தாள் தாளாகப் புரட்டினேன். ஒரு முகூர்த்தத்துக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"ஆடி வெள்ளி வெச்சுக்கலாம் மேடம். அன்னிக்கு ஊர் ஜனம் எல்லாம் இருப்பாங்க."

அன்று ஜீப்பிலிருந்து இறங்கினவர் என்னை உடனே கண்டுகொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. மரு வளர்ந்திருந்தது. ஞாபகம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. என் வேண்டுதல் பலித்திருந்தது.

"அட, நீயாம்மா!" என்று சப்-கலெக்டர் பக்கம் திரும்பினார். "என் ஸ்டூடண்ட் மேடம். அன்னிக்கே சொன்னேன், உனக்கு வேலைதான் சரின்னு. பாருங்க, இப்ப ஜீப்பு, ஆபீஸுன்னு எப்படி இருக்கா."

"உங்க ஆசீர்வாதம் சார்" என்றேன்.

கோயில் வாசலில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. வேப்பிலை, மஞ்சள், ஒலிபெருக்கி. கூட்டத்தை விலக்கிக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். சப்-கலெக்டர் வரைபடத்தைப் பார்த்து, "இதுதானா சார் அந்த இடம்?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். இதான் கடலோட நாக்கு நுனி. இது வரைக்கும் கடல் வந்தாச்சு."

அவர் வாய் மூடுவதற்குள் ஒரு பெண் இரண்டு கையாலும் உப்பை அள்ளிப் படிக்கட்டுக்குமேல் நின்று போட்டாள். மழைச் சத்தம். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பமே.

"என்ன போடறாங்க?" என்றார் சப்-கலெக்டர்.

"உப்பு மேடம்."

"உப்பா?"

"மரு உதிரணும்னு வேண்டுதல்."

பொட்டலம் விற்கிறவள் பக்கத்தில்தான் இருந்தாள். பழைய அக்காவின் மருமகள். அவள் பேராசிரியரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், உனுக்கே காதாண்ட இம்மாம் பெரிய மரு கீதே! ஒரு பொட்டலம் போடு சார். மூணு வெள்ளில உதுந்துபூடும். எங்க அத்த காலத்துல இருந்து எத்தினி பேருக்கு உதுந்துகீது தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. அவர் விரல் தானாக மருவுக்குப் போயிற்று. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டார். சப்-கலெக்டர் சிரிக்கவில்லை.

"சார், நீங்க தண்ணி எடுக்க வந்தப்போ இதைப் பாக்கலையா?"

இத்தனை வருஷமும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தேன். 'பார்த்தேன்' என்றால் முட்டாள். 'பார்க்கவில்லை' என்றால்?

"மேடம், வந்து... இந்த ரீடிங்க நான் நேர்ல எடுக்கல. அப்ப ஒரு ஸ்டூடண்ட் இருந்தா. அவ எடுத்தது. பாதியில கவர்ன்மெண்ட் வேலைக்குப் போயிட்டா. கவனமில்லாம எடுத்திருக்கா."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பழைய பார்வை. பச்சடி போதுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்று நம்பியிருந்தார்.

"யார் அந்த ஸ்டூடண்ட்?"

"நான்தான் மேடம்."

ஒலிபெருக்கிகூட அந்த நேரத்தில் பாட்டு மாற்ற நின்றது.

"வட்டம் போட்டுக் குடுத்தேன் மேடம். சேர்க்கக் கூடாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். சார் எல்லாத்தையும் தானே பாத்துக்கறதா சொன்னார். பக்கத்துலயே ஒரு நல்ல தண்ணிக் கிணறு இருக்கு, அதையும் அளந்து குடுத்தேன். அது வரைபடத்துல இல்ல."

காலையிலேயே அந்தக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து ஜீப்பில் வைத்திருந்தேன். கொடுத்தேன். சப்-கலெக்டர் குடித்தார். மூடியைத் திருகிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"இந்தக் கிணறு ஒண்ணுதான் நீங்க எடுத்ததா? மத்ததெல்லாம்?"

"அதை சார் சொல்லட்டும் மேடம்."

அவர் கிணற்றுக்குள் பார்த்தார். உப்பு விழுந்துகொண்டிருந்தது.

"சார்?"

"பெரும்பாலும்..."

"பெரும்பாலும்னா?"

"எல்லாம்" என்றார். "எல்லாம் அவ எடுத்ததுதான்."

தப்பை என் தலையில் போடுவதற்காக உடைமையையும் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டார். ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. எனக்கு இது முன்பே தெரியும். எத்தனையோ ரயில் பயணத்தில், அந்த வேட்டியைப் பார்த்தபடி, இந்த முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நான் ஏற்பாடு செய்திருந்தது அம்மன் கோயில் கூழ். மேலதிகாரி வந்தால் கீழே இருப்பவர்கள் சாப்பாடு பார்க்கவேண்டும் என்பது எங்கள் துறையிலும் எழுதாத சட்டம்தான். பேராசிரியருக்கு நானே டம்ளரில் ஊற்றி, வெங்காயமும் கருவாடும் வைத்துக் கொடுத்தேன். "குடிங்க சார். பசியோட இருப்பீங்க." அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடித்தாரா என்று பார்க்க எனக்கு நேரமில்லை. ஜீப் முகப்பில் தாளை வைத்துத் தணிக்கை அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

யாருக்கும் காட்டாமல் அவ்வப்போது கவிதை எழுதுகிற கைதான் இது. ஆனால் அன்றைக்கு எழுதின அரசாங்கத் தமிழைப்போல ஒரு வரியை நான் அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. 'மேற்படி வரைபடத்தில் கண்டுள்ள அளவுகள் யாவும், தமது மாணவியாக இருந்து தற்போது துணை வட்டாட்சியராகப் பணிபுரிபவரால் எடுக்கப்பட்டவை என்றும், அவற்றில் எதையும் தாம் நேரில் எடுக்கவில்லை என்றும் பேராசிரியர் தெரிவித்துக்கொண்டார்.' அதற்குக் கீழே என் பெயர். முன்னெழுத்தோடு முழுப் பெயர்.

அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"இதெல்லாம் எழுதணுமாம்மா?"

"கூட்டுத் தணிக்கை சார். யார் என்ன சொன்னாங்களோ அதை எழுதி அவங்க கையெழுத்த வாங்கணும். ரூல்."

"கொஞ்சம் பாத்து எழுதக் கூடாதா?"

"எல்லாம் நான் பாத்துக்கறேன் சார். நீங்க கையெழுத்துப் போடற வழியப் பாருங்க."

போட்டார். உதவிப்பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தும் கிடைக்காத கையெழுத்து, ஜீப் முகப்புச் சூட்டில் ஒரு நொடியில் விழுந்தது. மை காயும்வரை ஊதினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது எழுந்து நிற்க முடியாது. கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது.

"அந்தாளு மூஞ்சி எப்டி கீது அப்போ?"

"கூழு மாதிரி."

"ஒரு மூட்ட உப்பக் குட்த்து அனுப்சிருக்கலாம்ல? ஒரு பொட்டலம் பத்தாத ஆளு."

ஊர்களின்மேல் விழுந்த சிவப்பு எடுக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்தார். குரலில் பழைய அன்பு.

"அம்மா, அந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடணும். நீயும் நானும் சேந்து போடலாம். உன் பேர் முதல்ல. அதோட, இப்பவும் காலம் போயிடல. பார்ட் டைமா பதிவு பண்ணிக்கலாம். இங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, நான் சொல்றேன்."

அந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் நான் வருஷக்கணக்கில் கேட்க ஏங்கியிருக்கிறேன். பெயர் முதலில். பார்ட் டைம். நான் சொல்றேன். அந்தத் தணிக்கைக்கு ஒருநாள் முன்பு, ஒரே ஒருநாள் முன்பு இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை என் மனசு தளும்பியிருக்கும். தணிக்கை அறிக்கையை அலமாரியில் பூட்டிவிட்டார்கள், அறிவுலகத்தில் ஒருவரும் அதைப் படிக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரோடு சேர்ந்தால்தான் என் பெயர் வெளியே தெரியும். அதுவும் தெரியும்.

"சார், ஆராய்ச்சிக்குப் பசி இல்லாத வயிறு வேணும்னு சொன்னீங்க. இப்ப எனக்கு அது இருக்கு. அரசாங்கம் குடுத்தது. ஆனா உங்க இலையில உக்காந்து சாப்பிட மனசில்ல. திருத்தத்த நீங்களே தனியா போடுங்க. போகாத கிணத்தப் பத்தி எழுதறது உங்களுக்குப் பழக்கம்தானே."

இணைப்பைத் துண்டித்தேன். மருவை உருட்டிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் இன்னும் அளக்கிறேன். இத்தனை வருஷத்துக் கிணறுகளும் என்னிடம் இருக்கின்றன. யாரையும் நெறியாளர் என்று அழைக்காமல் ஒருநாள் அவற்றை வெளியே விடுவேன். ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. அவசரம் இல்லை.

இந்த ஆடியிலும் கோயில் கிணற்றுக்குப் போனேன். அங்கே போனால் இப்போது ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்கிறேன். அவர் மரு உதிரவே கூடாது என்று அம்மனை வேண்டிக்கொண்டு, இரண்டு கையாலும் போடுகிறேன். பாட்டிலை இறக்கி, மீட்டரை முக்கி, எண்ணை எழுதி, வட்டம் போட்டு முடித்த பிறகுதான் போடுவேன்.